ஹெட்போனில் மட்டும் கேட்ட பேச்சு

சவுண்டு என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, செருப்புக்கடை திறப்பு, எதுவானாலும் சவுண்டுதான். மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. இரைந்ததா, கரகரத்ததா, கடைசி வரிசைக்கு எட்டியதா என்று கேளுங்கள், நாள் கிழமையோடு சொல்வார். "என் செட்டு பாதியில நின்னதா சரித்திரமே கிடையாது" என்று மார்தட்டிக்கொள்வார். அந்த ஒரு விஷயத்தில் மனிதர் பொய் சொன்னதில்லை, போன வருடம் வரை.

போன வருடம் தையல்கார அக்கா ஒரு கூட்டத்துக்கு மைக் கேட்டு வந்தார். சவுண்டின் மகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளிச் சீருடை தைப்பவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். அவர் கடைக்கு மேல் மாடியில் நீளமான ஓர் அறை இருக்கிறது. அங்கே வாரத்துக்கு ஒருமுறை நாற்பது ஐம்பது குடும்பங்கள் கூடி, கண்ணை மூடி, வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒன்றாகப் பாடுவார்கள். அவர்கள் கும்பிடும் முறை மற்றவர்களுடையது போல் இல்லை. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஆனாலும் யாருக்கோ கண்ணை உறுத்தியது. நகராட்சிக்கு ஒரு மனு போனது. நகராட்சி வந்து, அறைக்கு அவசர வழி இல்லை என்று பூட்டுப் போட்டது. அதே மாடியில் அடுத்த அறையில் நூறு பிள்ளைகள் படிக்கும் டியூஷன் நடக்கிறது. தீப்பிடித்தால் அந்தப் பிள்ளைகள் பறந்து போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ, அதற்குப் பூட்டு இல்லை.

அக்கா நகராட்சிக்கு நடையாய் நடந்தார். காரியம் ஆகவில்லை என்றதும் கோர்ட்டுக்குப் போய், பூட்டை எதிர்த்து அமைதியாக ஒரு கூட்டம் நடத்த அனுமதி வாங்கினார். அந்த உத்தரவோடு சவுண்டின் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. மைக் கடைசி வரைக்கும் நிக்குமா? நடுவுல போயிடுச்சுன்னா திரும்ப ஆரம்பிக்க எனக்கு வராது."

"என் செட்டை நம்பி நீங்க தூங்கவே செய்யலாங்க்கா" என்றார் சவுண்டு.

ஒலிபெருக்கி வைக்க ஒவ்வொரு தடவையும் காவல் நிலையத்தில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை வாங்கப் போனபோது இன்ஸ்பெக்டர் அவரை உட்கார வைத்து டீ வரவழைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நிலையத்தில் சவுண்டு நின்றுதான் பழக்கம். நாற்காலி கிடைத்ததுமே இது நல்லதுக்கில்லை என்று அவருக்குப் பட்டது.

"கூட்டத்தைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லப்பா. கோர்ட்டே சரின்னு சொல்லிடுச்சு. அந்தம்மா தாராளமாப் பேசட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா மைக்கும் சேர்ந்து பேசணும்னு சட்டத்துல எங்கயும் இல்லையே?"

சவுண்டு பல்லைக் காட்டினார். சிரிக்க வேண்டிய இடமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. சூடு ஏறுதுன்னு தோணினா நான் தொப்பியைக் கழட்டுவேன். நீ சத்தத்தைக் குறைச்சிடு. திரும்பப் போட்டேன்னா ஏத்திக்கோ. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. ஆமா, உன் லைசென்ஸ் அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்ல?"

சவுண்டு முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் வாய் திறந்து சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தார். இன்ஸ்பெக்டர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

கூட்டம் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருந்த திடலில். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. முந்நூறு பேர் இருக்கும். மனுவை வாங்கிக்கொள்ள நகராட்சி ஆணையரும் வந்திருந்தார். அவருடைய கார் திடலின் ஓரத்தில் நின்றது, உள்ளே டிரைவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சவுண்டு மேடைக்கு வலப்பக்கம் ஒரு மேஜை போட்டு, மிக்ஸரை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் எதிரே, நேர்ப் பார்வையில் நின்றார்.

அந்த மிக்ஸரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மைக்கிலிருந்து வரும் குரல் அதற்குள் இரண்டாகப் பிரியும். ஒன்று பெரிய குமிழ் வழியாக வெளியே ஸ்பீக்கருக்குப் போகும். இன்னொன்று குமிழுக்கு முன்பே கிளை பிரிந்து ஹெட்போனுக்கும் மெமரி கார்டுக்கும் போகும். குமிழை அடியோடு இறக்கினாலும் ஹெட்போனில் குரல் குறையாது, கார்டில் பதிவாவதும் நிற்காது. எல்லா நிகழ்ச்சியையும் இப்படிப் பதிவு செய்து வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி கொடுப்பது சவுண்டின் வழக்கம். ஊரெல்லாம் ஊமையானாலும் அவர் காதுக்கு மட்டும் எல்லாம் கேட்கும்.

அக்கா மேடையேறினார். கையில் கைக்கடக்கமாக ஒரு சட்டப் புத்தகம். அடையாளத்துக்கு அதற்குள் அளவு நாடாவை வைத்திருந்தார். முதலில் குரல் நடுங்கியது. சவுண்டு அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார், அடிக்குரலைச் சற்றுக் கனமாக்கினார். நல்ல கைவேலைக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டே நிமிடத்தில் அக்காவின் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகப் போய் உட்கார்ந்தது.

"இதை நான் எழுதல. நம்ம நாட்டுச் சட்டத்துல எழுதியிருக்கு" என்று அக்கா படித்தார். "யாரும் தனக்குப் பிடிச்ச தெய்வத்தைக் கும்பிடலாம். பிடிக்கலன்னா கும்பிடாமலும் இருக்கலாம். மனசுல பட்டதைப் பேசலாம். ஆயுதம் இல்லாம அமைதியாக் கூடலாம். இப்ப நாம கூடியிருக்கோமே, இது ஆணையர் ஐயா நமக்குப் போட்ட பிச்சை இல்ல. அவரோட நாற்காலியைப் போட்டதும் இதே புத்தகம்தான்."

கைதட்டல் எழுந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

சவுண்டின் கை குமிழை இறக்கியது. நிதானமாக, ஒரு 'டப்' சத்தம்கூட வராமல், தொழில் சுத்தமாக இறக்கியது.

மேடையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் இல்லை. கூட்டத்துக்கு இது புரிய ஒரு நொடி போதுமாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவன், "வாயை அடைச்சுட்டாங்கடா!" என்று கத்தினான். அவன் சொன்னதில் தப்பு என்ன? பின்வரிசைகள் எழுந்தன. யாரோ கல்லை எடுத்தார்கள்.

ஹெட்போனில் அக்கா தெளிவாகக் கேட்டார். "உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. கண்ணுங்களா, கல்லைக் கீழ போடுங்க. அந்தக் காருக்குள்ள ஒரு ஆள் இருக்காரு. அவரு நம்மள என்ன பண்ணாரு? கல்லு எறிஞ்சா இந்தப் புத்தகத்துல இருக்கிறது எல்லாம் பொய்னு ஆயிடும். என் பேச்சைக் கேளுங்க."

யார் கேட்பது? முன்வரிசையில் இருபது முப்பது பேருக்குக் காற்றில் எட்டியிருக்கலாம். மற்றவர்களுக்கு எட்ட வேண்டியது சவுண்டின் விரலுக்குக் கீழே கிடந்தது. ஒரே ஒரு தள்ளு. தள்ளியிருந்தால் அந்தக் குரல் திடல் முழுக்கப் பாய்ந்திருக்கும். சவுண்டு தொப்பியைப் பார்த்தார். அது அக்குளிலேயே இருந்தது. குமிழைப் பார்த்தார். மறுபடி தொப்பியைப் பார்த்தார். போட்டால் ஏற்றலாம். போடவில்லையே. இப்படி நாற்பத்தைந்து வயது மனிதர் ஒரு தொப்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கல் பறந்தது. காரின் கண்ணாடி உடைந்தது. டிரைவர் புருவத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், விரல் இடுக்கில் ரத்தம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் பிடித்தபடியே ஓடினார். ஹெட்போனில் அக்கா இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தார். சவுண்டால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை, ஹெட்போனைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தார். அப்போது மூன்று பையன்கள் அவர் மேஜையை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள். அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். வந்தவர்கள் பாதி வழியில் நின்று மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு வந்த வழியே போய்விட்டார்கள். போலீசைப் பார்த்துப் பயந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். தலை தப்பியது என்று பெருமூச்சு விட்டதும் உண்மை.

அன்றைக்கே பதினொரு பேரைப் பிடித்தார்கள். முதல் பெயர் அக்காவுடையது. கூட்டத்தைத் தூண்டிவிட்டார், கல்லெறிவதைக் கண்ணால் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லித் தடுக்காமல் வேடிக்கை பார்த்தார் என்று வழக்கு. தடுத்தார் என்று முன்வரிசைக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் அக்காவோடு கும்பிடுகிறவர்கள், வேறு எப்படிச் சொல்வார்கள் என்று தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் சவுண்டின் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டரே சொல்லச் சொல்ல எழுதினார்கள். கரண்ட் போனது என்று எழுத முடியாது, விளக்கு எரிந்ததை முந்நூறு பேர் பார்த்தார்கள். எனவே ஃபியூஸ் என்று முடிவானது. "எரிஞ்ச ஃபியூஸை நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்திடு, சான்றுப் பொருளா வெச்சுக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்கு வந்து சவுண்டு ஃபியூஸ் டப்பாவைத் திறந்தார். அவருடைய ஆம்ப்ளிஃபயருக்குப் போடுவது கட்டைவிரல் நீளத்துக்குத் தடித்த பீங்கான் ஃபியூஸ். ஒன்றைக் கையில் எடுத்தார். அதை எரிக்க மனம் வரவில்லை, திரும்ப வைத்துவிட்டார். பழைய ரேடியோவிலிருந்து மெல்லிசான கண்ணாடி ஃபியூஸ் ஒன்றைக் கழற்றி, அதைப் பேட்டரியில் வைத்துச் சுட்டார். செட்டுக்குத் துரோகம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அக்காவுக்குச் செய்ய வந்தது.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க நல்ல ஃபியூஸை எரிக்கிறீங்க?"

சவுண்டு சொன்னார். முழுவதையும் சொன்னார். அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை, பாரத்தை இறக்கி வைக்க வேறு இடமும் இல்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. உள்ளே போய் மகளின் சீருடையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அந்தக் கார்டு?" என்றாள்.

"தூக்கிப் போட்டுட்டேன்."

உண்மையில் பொத்தான் டப்பாவின் அடியில் போட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அக்காவின் வக்கீல் வந்தார். சின்னப் பெண், அழுத்தமான பார்வை. "அண்ணே, நீங்க எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணுவீங்களாமே. அன்னைக்குப் பண்ணலையா?" என்று கேட்டார்.

"ஃபியூஸ் போயிடுச்சேம்மா. அதோட ரெக்கார்டும் நின்னுடுச்சு."

"ஒரு நிமிஷம்கூட இல்லையா? அவங்க பேசினது ஏதாவது?"

"இருந்தா கொடுக்க மாட்டேனா?"

வக்கீல் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்லாமல் போயிருக்கலாம் என்று சவுண்டுக்குத் தோன்றியது.

அக்காவுக்கு மூன்று தடவை ஜாமீன் கேட்டு மூன்று தடவையும் மறுத்துவிட்டார்கள். கடை பூட்டிக் கிடந்தது. மாடியில் ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. மனைவி காய்கறி வாங்கப் போகும் வழியை மாற்றிக்கொண்டாள், சுற்றுவழியில் போனாள். சவுண்டுக்கோ வேலை குவிந்தது. லைசென்ஸ் வீடு தேடி வந்தது. அரசு விழா, காவல்துறை விழா, எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். ஆனால் ஹெட்போனை இரண்டு காதிலும் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. ஒரு காதை விட்டே வேலை பார்த்தார். ஒரு பள்ளி விழாவில் ஸ்பீக்கர் கூய் என்று அலறி, தலைமையாசிரியை காதைப் பொத்திக்கொண்டார். "என்ன சவுண்டு, செட்டுக்கு வயசாயிடுச்சா?" என்று கேலி செய்தார்கள். ஆமாம் என்று சிரித்து வைத்தார்.

ஏழு மாதம் போனது. பிறகு ஒரு நாள் குடிதண்ணீர் வரவில்லை என்று துப்புரவுத் தொழிலாளர்கள் அதே திடலில் கூட்டம் போட்டார்கள். அதே மேஜை, அதே மிக்ஸர். ஒரு தொழிலாளி அம்மா மைக்கைப் பிடித்து, குழாயில் வரும் காற்றைக் குடித்து எப்படி வயிறு நிறைகிறது என்று நகராட்சியை வாங்கு வாங்கென்று வாங்கினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பக்கம் நின்ற இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

ஸ்பீக்கர் அடங்கியது.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், தொப்பியின் உட்புறத்தையும் துடைத்தார். அப்புறம்தான் சத்தம் நின்றதைக் கவனித்தார். சவுண்டைப் பார்த்தார், தம் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். நடந்து வந்து சவுண்டின் தோளில் தட்டினார்.

"யோவ், நான் வேர்வை தொடச்சேன்யா. பேசட்டும் விடு. நல்லாத்தானே பேசுது அந்தம்மா?"

சவுண்டு தம் கையைப் பார்த்தார். அது குமிழின் மேல் இருந்தது. அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் மிரட்டவில்லை, டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை. அது தானாகவே இறக்கியிருந்தது. குமிழை ஏற்றினார். அந்த அம்மா, "என் பேச்சைக் கேட்டு மைக்குக்கே தாகம் எடுத்திடுச்சு" என்று சொல்லி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கூட்டம் சிரித்தது. சவுண்டு மட்டும் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். அவமானம் காதுமடல் வரை சுட்டது. அன்றைக்கு அக்காவின் குரலை நிறுத்தியது பயம் என்று இத்தனை நாள் தம்மையே தேற்றி வந்தார். இப்போது பயமும் போய்விட்டது, பழக்கம் மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் சாட்சி சொல்லச் சம்மன் வந்தது. அரசுத் தரப்பு சாட்சி. ஃபியூஸ் என்று சொல்லிவிட்டு வர வேண்டும், ஐந்து நிமிட வேலை.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய காலையில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மெமரி கார்டு இருந்தது. மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள்.

"பொத்தான் தேடுறப்ப கிடைச்சுது. ஏழு மாசம் முன்னாடியே" என்றாள். "நீங்களா எடுப்பீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"எடுத்தா லைசென்ஸ் போயிடும். பொய் வாக்குமூலம்னு என்னையும் உள்ள வெச்சாலும் வெப்பாங்க."

"தெரியும்."

"பாப்பா படிப்பு?"

"அதுவும் தெரியும். சாப்பிடுங்க, ஆறிடப்போகுது." அவள் திரும்பவில்லை.

சவுண்டு கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோர்ட்டில் இருக்கும் ஸ்பீக்கர் உருப்படாது என்று அவருக்குத் தெரியும். கையடக்க ஸ்பீக்கர் ஒன்றையும் ஒரு கேபிளையும் பையில் வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டார். இன்னும் அவர் முடிவு செய்யவில்லை, மனிதர் அப்படித்தான்.

கோர்ட் வராந்தாவில் அக்கா ஒரு பெண் போலீசோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் நாடா இல்லாததால் வேறு யாரோ போல் தெரிந்தார். சவுண்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி! செட்டைச் சரி பண்ணிட்டியா? பெரிய செலவு வெச்சிடுச்சா?"

சவுண்டு பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "இல்லக்கா" என்றார்.

"பாப்பா வளர்ந்திருப்பாளே. பாவாடையை மடிச்சுத்தான் தைச்சிருக்கேன், ரெண்டு விரக்கடை உள்ள இருக்கு. பிரிச்சு விடச் சொல்லு, இந்த வருஷத்துக்குத் தாங்கும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவருக்கு அது புண்ணியமாகப் போயிற்று.

சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்வதாக உறுதி எடுத்தார். அரசு வக்கீல் ஒரு காகித உறையைப் பிரித்து, எரிந்த ஃபியூஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"சம்பவத்தன்னைக்கு உங்க ஆம்ப்ளிஃபயர்ல எரிஞ்சு போன ஃபியூஸ் இதுதானே?"

சவுண்டு பார்த்தார். ஈர்க்குச்சி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். அதைப் போய் என் ஆம்ப்ளிஃபயருக்கு என்கிறானே இந்த ஆள் என்று அவருக்குச் சுருக்கென்றது. மனசாட்சி வாயைத் திறப்பதற்குள் தொழில் முந்திக்கொண்டது.

"இது ரேடியோ ஃபியூஸுங்க. இதை வெச்சு என் ஆம்ப்ளிஃபயர் ஒரு நிமிஷம்கூட ஓடாது."

அரசு வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப இது எப்படி இங்க வந்தது?" என்றார்.

"நான்தாங்க எரிச்சேன். என் வீட்டுல, மறுநாள். என் செட்டு அன்னைக்கு நிக்கலைங்க ஐயா. என் செட்டு என்னைக்குமே நின்னதில்ல. நான்தான் நிறுத்தினேன்." தொப்பியைப் பற்றிச் சொன்னார். டீயைப் பற்றியும் சொன்னார். கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்டர் இருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே சொல்லி முடித்தார். "ஆனா அவங்க பேச்சு நிக்கல. வெளிய யாருக்கும் கேக்கல, எனக்கு மட்டும் கேட்டுச்சு. கல்லைப் போடச் சொல்லிக் கெஞ்சினாங்க. இதுல இருக்குங்க." கார்டை எடுத்து நீட்டினார்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார், சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்றார், கார்டின் உண்மைத்தன்மை சோதிக்கப்படவில்லை என்றார். "சோதனைக்கு அனுப்பத்தான் போறேன். முதல்ல காதால கேட்டுக்கிறேன்" என்றார் நீதிபதி.

சவுண்டு கூண்டிலிருந்து இறங்கி, எழுத்தரின் மேஜையில் தம் ஸ்பீக்கரை வைத்து, கோர்ட்டுக் கம்ப்யூட்டரில் கார்டையும் கேபிளையும் செருகினார். கை பழகிய வேலை. சொல்லப்போனால் மனதில் ஒரு நிம்மதிகூட எட்டிப் பார்த்தது. பாவத்தைக் கழித்துவிட்டோம், அக்கா வெளியே வருவார், பாவாடையைப் பிரித்து விடச் சொல்லலாம் என்றெல்லாம் மனம் ஓடியது.

அக்காவின் குரல் அறையை நிறைத்தது. "உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. கண்ணுங்களா, கல்லைக் கீழ போடுங்க." குற்றவாளிக் கூண்டில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி தலைகுனிந்து கேட்டார். கண்ணாடி உடையும் சத்தம் தூரத்தில் கேட்டது. "ஐயோ, வேண்டாம், வேண்டாம்" என்று குரல் கெஞ்சியது.

"போதும், நிறுத்துங்க. தேவையானது கிடைச்சிடுச்சு" என்றார் நீதிபதி.

சவுண்டின் விரல் பொத்தான் மேல் இருந்தது. அது அழுத்தவில்லை.

"இன்னும் முடியலைங்க ஐயா. ஒரு தடவை நான் பாதியில நிறுத்திட்டேன். இந்தத் தடவை அவங்க பேசி முடிக்கட்டும்."

நீதிபதி சரி என்று தலையசைத்தார். பதிவு ஓடியது. சவுண்டு ஹெட்போனைக் கவிழ்த்து வைத்த பிறகு பதிவான பகுதி அது. அவரும் கேட்டதில்லை. யாரோ ஒரு பையன் தொலைவில் கத்தினான்: "அந்த மைக்செட்டுக்காரனைப் பிடிங்கடா! அவன்தான் அமத்திட்டான்!" ஓடும் காலடிகள். உடனே அக்காவின் குரல், இதுவரை இல்லாத உரத்தோடு:

"அவரைத் தொடாதீங்க! நில்லுங்கடா! செட்டுல ஏதோ ஆகியிருக்கும், அவரு என்ன பண்ணுவாரு? அந்தத் தம்பி வேணும்னு செய்யமாட்டாரு. எனக்கு அவரைத் தெரியும்."

அதன் பிறகு மேடைப் பலகை அதிரும் சத்தம், ஒரு கரகரப்பு, அவ்வளவுதான்.

பாதி வழியில் நின்று திரும்பிப் போன மூன்று பையன்கள் சவுண்டின் கண்முன் வந்தார்கள். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடி முன்பு எட்டிப் பார்த்த நிம்மதி இருந்த இடம் தெரியவில்லை. தலையைத் தூக்க அவருக்குத் துணிவு இல்லை, ஆனாலும் தூக்கினார். அக்கா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தப்பாக வெட்டிவிட்ட துணியைப் பார்ப்பது போல் பார்த்தார்.

அன்று மதியமே ஜாமீன் வழங்குவதாக நீதிபதி சொன்னார். சவுண்டின் மீதும் இன்ஸ்பெக்டரின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டார். அக்காவிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க ஐயா" என்றார் அக்கா. "அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதாம விட்டுடுங்க."

"எந்த வரி?"

"எனக்கு அவரைத் தெரியும்னு சொன்னேனே, அது. மத்ததெல்லாம் உண்மை. அது மட்டும் தெரியாம சொல்லிட்டேன்."

 நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "பேசினது பேசினதுதாம்மா. பதிவானதுல ஒரு வரியைக்கூட வெட்ட எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

அக்கா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். பதிவில் கேட்டதையும் சேர்த்துத் தட்டச்சு செய்த தாளை எழுத்தர் சவுண்டின் முன் நகர்த்தி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். சவுண்டு கடைசி வரிக்கு நேர் கீழே, பல வருடமாக எழுதாத தம் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.